உள்ளங்கையின் கனம்

சங்கிலிப்பாண்டி எந்த மனிதரின் காலிலும் விழாதவர் என்பது மட்டாஞ்சேரித் துப்புரவுத் தொழிலாளர் லைன் வீடுகளில் அனைவரும் அறிந்த செய்தி. அவருடைய தந்தையார் விழுந்தவர். தந்தையாரின் தந்தையாரும் விழுந்தவர். தெரு பெருக்குவதற்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு அழைத்து வரப்பட்ட அந்த முன்னோர், தீபாவளிக்கும் ஓணத்துக்கும் பெரிய வீடுகளின் பின்வாசலில் போய்க் காத்து நின்று, வீட்டுக்காரர் படியிறங்கி வரும்போது நெற்றி தரையில் பட விழுந்து, பழைய வேட்டியும் ஒரு முறம் அரிசியும் வாங்கி வந்தார்கள். சிறுவயதில் சங்கிலிப்பாண்டியும் தந்தையாரோடு ஒருமுறை போய், விழச் சொன்னபோது விழுந்திருக்கிறார். மாநகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு பெரிய வேலைநிறுத்தத்தின்போது சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இனி இந்த லைனிலிருந்து யாரும் எந்தப் பண்டிகைக்கும் எந்த வாசலிலும் போய் விழக்கூடாது என்று பேசினார். அதிகம் பேசத் தெரியாதவர் அவர், அன்று பேசினார். அதன் பிறகு யாரும் போகவில்லை.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் ஷிபு, எதிரில் வருகிற எல்லோருடைய காலையும் குனிந்து தொடுகிறவனாக வளர்ந்தான். அதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர, அவனுக்குப் பதினான்கு வயதான அந்தக் கோடையில் சங்கிலிப்பாண்டிக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயமாக இருக்கும்.

ஷிபு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த மலையாள நர்ஸ் ஆசையாக வைத்த பெயர் அது. குழந்தை மூக்கும் முழியுமாக இருந்தான். நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. பாத்திரம் விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பெற்றவள் அழுதால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். செவிடு என்றார்கள் சிலர். எறணாகுளத்து டாக்டர் ஒருவர், காதில் குறையில்லை, இது ஆட்டிசம் என்று சொல்லி, மருந்தில்லை, பழக்கம்தான் வேண்டும் என்று முடித்துவிட்டார். அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு வீடு திரும்பினார் அவனுடைய தாயார் ஆவுடையம்மாள்.

சுள்ளிக்கலில் ஒரு வீட்டின் மாடியில் இத்தகைய குழந்தைகளுக்காக ஒரு சிறு வகுப்பு நடந்து வந்தது. அதை நடத்தியவர் அம்பிளி டீச்சர். கும்பளங்கிக்காரர், இரைந்து பேசாதவர். எழுத்தும் கணக்கும் பிறகு வரட்டும், மனிதர்களோடு மனிதனாக இருக்க முதலில் பழகட்டும் என்பது அவருடைய கொள்கை. பிடுங்காமல் கேட்பது, முறை வரும்வரை காத்திருப்பது, வந்தவரை வரவேற்பது ஆகியவற்றையே அங்கே பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஷிபு காத்திருக்கக் கற்றுக்கொண்டான். விரல் நீட்டிக் கேட்கவும் கற்றுக்கொண்டான். வரவேற்பதுதான் கைவரவில்லை. கை குலுக்கப் பிடித்தால் கடித்தான். கை கூப்பச் சொன்னால் சுவரைப் பார்த்துக் கூப்பினான். மனிதரின் முகம் அவனுக்கு வெயிலைப் போலக் கூசியது.

ஆவுடையம்மாள் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை செய்தவர். நாளெல்லாம் குவியலை உற்றுப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. மகன் முகங்களைப் பார்க்காவிட்டாலும் கால்களைப் பார்க்கிறான் என்பதையும், யார் வருகிறார்கள் என்பதைச் செருப்பையும் விரல்களையும் கொண்டு தெரிந்துகொள்கிறான் என்பதையும் அவர் கவனித்து வைத்திருந்தார். அவனுக்கு ஏழு வயதான வருடம் தீபாவளியன்று காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்த லைன் பிள்ளைகள் வழக்கம் போலப் பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். பின்னாலேயே போன ஷிபுவும், யாரும் சொல்லாமலேயே குனிந்து பக்கத்து வீட்டு மீனாக்ஷி மதினியின் பாதத்தைத் தொட்டான். மதினி மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர், கனத்த கை. அந்தக் கையை அவன் தலையில் அழுத்தி வைத்து, நல்லாயிரு என்றார். லேசாகத் தொட்டாலே துடித்து விலகுகிற பிள்ளை, அந்தக் கனத்தின் கீழே அசையாமல் இருந்தான். கண்கள் பாதி மூடியிருந்தன. கையை எடுத்ததும் மறுபடி குனிந்தான். மதினி சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தார்.

இதை ஆவுடையம்மாள் சொல்லக் கேட்டபோது அம்பிளி டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டதாம். மெல்லிய தொடுகை இவனைச் சுடுகிறது, அழுத்தம்தான் இவனுக்கு அமைதி தருகிறது, ஆகவே மிட்டாய் கொடுத்துப் பழக்க வேண்டியதே இல்லை, இதில் பரிசு உள்ளேயே இருக்கிறது என்று அவர் விளக்கினார். அன்றிலிருந்து இருவரும் கண்ணும் கருத்துமாக அதை வளர்த்தார்கள். குனிந்து தொட வேண்டும், தலையில் கை விழும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு நிமிர்ந்து, கொச்சியில் யாரும் யாரையும் டீ குடித்தாயிற்றா என்று விசாரிப்பதைப் போல, "சாயா குடிச்சோ?" என்று கேட்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. பேச்சு வராத பிள்ளைக்கு அந்த இரண்டு சொற்கள் வந்தன.

சங்கிலிப்பாண்டிக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு மாலை அவர் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் வந்து குனிந்தான். அவர் நெருப்பு பட்டதுபோலக் காலை இழுத்துக்கொண்டார். பிள்ளை நிமிரவில்லை. குனிந்தபடியே, தலையைக் காட்டிக்கொண்டு நின்றான். அடுப்படியிலிருந்து ஆவுடையம்மாள் மெதுவாக, "கையை வைங்க. சும்மா வைங்க" என்றார். வைத்தார். தம் கைக்குக் கீழே அந்தச் சின்னத் தலை மேல்நோக்கி அழுத்துவதை உணர்ந்தார். பிள்ளை நிமிர்ந்து, எங்கோ பார்த்தபடி, சாயா குடிச்சோ என்று கேட்டான். எட்டு வயது மகன் தந்தையிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் அன்று குடித்திருக்கவில்லை. குடித்தேன் என்று சொன்னார்.

அதன் பிறகு அவரால் தடுக்க முடியவில்லை. வீட்டோடும் வகுப்போடும் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நாலு சுவருக்குள் பழகுவது பழக்கமாகாது, வெளியாட்களிடமும் செய்து பார்க்க வேண்டும் என்று டீச்சர் பணிவாகச் சொன்னார். ஆவுடையம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு கடை கடையாகப் போனார். எல்லா இடத்திலும் பிள்ளையைக் கொஞ்சினார்கள். மூலையில் அரிசிக்கடை வைத்திருந்த ஹாஜியார் மட்டும், மனிதன் மனிதனின் காலில் விழுவது தகாது என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் அவன் குனிவதற்கு முன்பே எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்து நிமிர்த்திவிடுவார். அந்த இரண்டு கைகளின் அழுத்தம் ஷிபுவுக்கு இன்னும் பிடித்திருந்தது. அரிசிக்கடையைத் தாண்டாமல் அவனை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாடாயிற்று.

இப்படி எல்லாவற்றையும் யோசித்துச் செய்த அந்த நல்லவர்கள், அவன் வளர்வான் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

பதினான்கு வயதில் ஷிபு தந்தையைவிட உயரமாகிவிட்டான். மேலுதட்டில் மயிர் கறுத்தது, குரல் உடைந்தது. சாயா குடிச்சோ என்பது இப்போது ஓர் ஆண்பிள்ளையின் கனத்த குரலில் வந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், படகுத்துறையில் வரிசையில் நின்றிருந்த ஓர் இளம்பெண்ணின் முன்னால் போய் அவன் குனிந்தான். அந்தப் பெண் அலறியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்திலிருந்த ஆண்கள் அடித்துவிட்டார்கள். ஆவுடையம்மாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவன் உதடு கிழிந்திருந்தது. எல்லோரையும் கும்பிட்டு, சுகமில்லாத பிள்ளை என்று சொல்லி மீட்டு வந்தார்.

டீச்சர் மறுநாளே வீட்டுக்கு வந்து, தவறு தம்முடையது என்று முதலில் சொன்னார். பிறகு வழியும் சொன்னார். உள்ளதைப் பிடுங்காமல் மாற்ற வேண்டும். ஒரு கை தூரத்தில் நின்று தன் நெஞ்சில் தானே கையை அழுத்திக்கொள்ளட்டும். கேள்வி அப்படியே இருக்கட்டும். தலையில் அழுத்தம் வேண்டுமென்றால் வீட்டில் தாயும் தந்தையும் கேட்காமலேயே கொடுத்துவிடுங்கள், வெளியே தேடமாட்டான். மாதக்கணக்கில் ஆகும். தாம் விடுமுறைக்குக் கணவரிடம் மஸ்கட் போவதாகவும், ஜூனில் வகுப்புத் திறந்ததும் தொடங்கலாம் என்றும், அதுவரை அவனைத் தனியே வெளியே விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டு விடைபெற்றார். சங்கிலிப்பாண்டி அதற்குச் சம்மதித்தார். மனதார அல்ல, ஆனாலும் சம்மதித்தார்.

மே மாதத்தில் வகுப்பு இல்லை. ஆவுடையம்மாளுக்குக் கிடங்கு வேலையை விடவும் முடியாது. ஆகவே பகலில் மகனைப் பஜார் ரோட்டில் நாணுவின் சாயாக்கடையில் உட்கார்த்தி வைத்தார். எதிரில்தான் அவருடைய கிடங்கு. எட்டிப் பார்த்தால் தெரியும். நாணு வேலைநிறுத்த நாட்களிலிருந்து சங்கிலிப்பாண்டிக்கு நண்பர். காலில் விழக்கூடாது என்ற அந்தப் பேச்சுக்கு முதலில் கை தட்டியவர். வேறு யாரை நம்புவது?

மழைக்கு முன்னால் சாக்கடை ஓடைகளைத் தூர் வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் வேலை சீக்கிரமே முடிந்துவிட, மகனை அழைத்துப் போகலாமென்று சங்கிலிப்பாண்டி பஜார் ரோட்டுக்கு வந்தார். மிளகு ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்து நின்றது. அது நகரும்வரை இந்தப் பக்கமே நின்றிருந்தார். லாரியின் அடியில், சக்கரங்களுக்கு இடையே, சாயாக்கடைப் பலகையிலிருந்து தொங்கும் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. சுமைதூக்குகிறவர்களின் கால்கள், சேறும் மஞ்சள்தூளும் அப்பியவை. அந்த வரிசையில் ஒரு ஜோடிக் கை, ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது.

லாரி நகர்ந்தது. சிரிப்பு கேட்டது. ஷிபு ஒவ்வொருவரின் முன்னாலும் குனிந்தான். ஒவ்வொருவரும் தலையில் கை வைத்து ஏதோ வரம் கொடுத்தார்கள். ஒருவர் அவனுக்குக் கல்யாணம் நடக்கும் என்றார். இன்னொருவர் அவனை மந்திரியாக்கினார். கடைசியில் இருந்த இளைஞருக்கு ஒரு கையில் சாயா கிளாஸும் மறு கையில் பீடியும் இருந்தன. கை ஒழியவில்லை. ஆகவே அவர் தம் வலது பாதத்தைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்.

ஷிபு கண்களை மூடிக்கொண்டான். மீனாக்ஷி மதினியின் கைக்குக் கீழே எப்படி மூடினானோ அப்படியே மூடினான். பாதம் விலகியதும் நிமிர்ந்து, சேறு நெற்றியில் வழிய, சாயா குடிச்சோ என்று கேட்டான். அந்த இளைஞர் கிளாஸை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஷிபுவும் சிரித்தான்.

சங்கிலிப்பாண்டி சாலையைக் கடந்து வந்ததும் சிரிப்பு நின்றது. பலகையில் இருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நாணு கடைக்குள்ளிருந்து அவசரமாக வெளியே வந்து, துண்டால் பையனின் நெற்றியைத் துடைத்தார்.

"பாண்டியண்ணா, தப்பா எடுக்கண்டா. வெறும் ஒரு தமாசு. செக்கனுக்கும் அது பெரிய இஷ்டமாணு" என்று பையனைக் காட்டிச் சொன்னார்.

"இஷ்டம்தான். நானும் பார்த்தேன்" என்றார் சங்கிலிப்பாண்டி. "அதுதான் நாணு எனக்குப் பொறுக்கல."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மகனின் சட்டைக் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். வழியில் அரிசிக்கடை வந்தபோது எதிர்ப்பக்கமாக மாறி நடந்தார்.

வீட்டில் ஆவுடையம்மாளிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நாளை முதல் லீவு எழுதிக் கொடுக்கப் போவதாகவும், ஜூன்வரை காத்திருக்க முடியாது என்றும், தாமே நிறுத்திவிடுவதாகவும் தெரிவித்தார். ஆவுடையம்மாள் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். அன்று பேசினார்.

"அவனுக்கு இருக்கிறது இது ஒண்ணுதாங்க. பத்துப் பேரு மாதிரி வாய்விட்டுக் கூப்பிடவா போறான்? இதையும் பிடுங்கிட்டா எதை வச்சு நம்மகிட்ட வருவான்?"

"நடந்து வரட்டும். குனிஞ்சு வர வேண்டாம்."

"டீச்சர் வர்ற வரைக்கும்..."

"மதி, ஆவுடை, போதும். அவன் தலையில கால் வச்சதை நீ பார்க்கல."

மறுநாள் தொடங்கினார். முதலில் காலை மட்டும் இழுத்துக்கொண்டார். ஷிபு குனிந்தவாக்கிலேயே அந்தக் காலைத் தேடி அறை முழுதும் பின்னாலேயே வந்தான். பிறகு தோளைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். பிறகு அடித்தார். கம்பை எடுக்கவில்லை, துடைப்பத்தை எடுக்கவில்லை, வெறும் கைதான். அதைத் தமக்குள் பலமுறை சொல்லிக்கொண்டார். தலையில்தான் அடித்தார். குனிந்து நிற்கிறவனிடம் கைக்கு எட்டுவது அதுதான்.

எளிதாக முடியும் என்று நினைத்தது நடக்கவில்லை. முதல் சில நாட்கள் ஷிபு அடியைப் புரிந்துகொள்ளவே இல்லை. அதுவும் ஒரு கனம் என்று நினைத்தான் போலும். அடி விழுந்ததும் சற்றுத் திகைத்து, நிமிர்ந்து, சாயா குடிச்சோ என்று கேட்டுவிட்டு, மறுபடி வந்து குனிந்தான். ஆசீர்வாதம் என்று அவன் எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது. சங்கிலிப்பாண்டி அடித்தார். ஓடை வாரிக் காய்த்துப்போன கை அது. அடித்துவிட்டு வாசலுக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் உள்ளே வருவார்.

ஆவுடையம்மாள் குறுக்கே விழுந்து பார்த்தார். ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு மீனாக்ஷி மதினியின் வீட்டில் போய் உட்கார்ந்தார்; சங்கிலிப்பாண்டி போய் அழைத்து வந்துவிட்டார். மஸ்கட்டுக்கு எப்படிச் செய்தி அனுப்புவதென்று அந்த லைனில் யாருக்கும் தெரியவில்லை. மதினி மட்டும் ஒருமுறை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏலே பாண்டி, அந்தப் பெரிய வீட்டுக்காரனுவ உங்கப்பனைக் கூட அடிக்கல" என்றார். சங்கிலிப்பாண்டி உள்ளே போய்விட்டார். அவருக்குக் கேட்கவில்லை என்று மதினி நினைத்தார். அவருக்கு நன்றாகவே கேட்டது.

மாதக் கடைசிக்குள் நின்றுவிட்டது. ஒரு காலையில் ஷிபு தந்தையின் கால்களைப் பார்த்தான். முதுகு வளையத் தொடங்கியது. உடனே இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். மறுநாளும் அப்படியே. மீனாக்ஷி மதினியிடமும் அப்படியே. பெற்ற தாயிடமும் அப்படியே.

லீவு முடிவதற்கு முந்தைய நாள், சங்கிலிப்பாண்டி மகனுக்கு இஸ்திரி போட்ட சட்டை உடுத்திப் பஜார் ரோட்டுக்கு அழைத்துப் போனார். சாயாக்கடைப் பலகையில் அதே ஆட்கள் இருந்தார்கள். வெட்கத்தால் கால்களைப் பின்னுக்கு இழுத்தார்கள். இழுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷிபு அக்குளில் கைகளோடு, விறைப்பாக, அத்தனை கால்களையும் பார்த்துக்கொண்டே கடந்து போனான். நாணு ஓடிவந்து இரண்டு பேருக்கும் சாயா ஆற்றிக் கொடுத்தார். செக்கன் நேராகிவிட்டானே, இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாதே என்று மகிழ்ந்தார். அது உண்மையான மகிழ்ச்சிதான். பலகையில் இருந்த ஒருவரும், பிள்ளையை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்றார். ஷிபு கிளாஸை வாங்கிக் குடித்தான். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சங்கிலிப்பாண்டிக்கு அதுவும் அப்போது உறைக்கவில்லை. பல வருடங்களாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று புரண்டு விழுந்ததுபோல இருந்தது அவருக்கு. மகனோடு சாலையின் நடுவில் நிமிர்ந்து நடந்தார்.

மூலைக்கு வந்ததும் ஹாஜியார் பார்த்துவிட்டார். ஒரு மாதமாகக் காணாத பிள்ளை. கல்லாவிலிருந்து எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி, வழக்கம் போல இரண்டு கைகளையும் உயர்த்தி அவன் தலையைப் பிடிக்க வந்தார்.

ஷிபு அலறினான். நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்து, மேலே இரண்டு முன்கைகளையும் குறுக்காக வைத்து மூடிக்கொண்டான். இஸ்திரிச் சட்டையின் முதுகு நடுங்கியது. பின்னால் வந்த ஆட்டோ நின்றது.

ஹாஜியாரின் கைகள் அந்தரத்திலேயே நின்றன. அந்தக் கைகளை அவரே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சங்கிலிப்பாண்டியைப் பார்த்தார். மெதுவாகக் கைகளை இறக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, கடைக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டிலும் அதுதான் தொடர்ந்தது. சங்கிலிப்பாண்டி சட்டை கழற்றக் கையைத் தூக்கினால் அவன் குந்திக்கொண்டான். தலை சீவினாலும் குந்திக்கொண்டான். கேள்வி அவனை விட்டுப் போய்விட்டது. விரல் நீட்டிக் கேட்பதும் கூடவே போய்விட்டது. பசித்தால் பாத்திரத்தைத் தள்ளிவிட்டான். இதற்கு மேல் இன்னொன்றையும் ஆவுடையம்மாள் கண்டுபிடித்தார்: அவன் தலையைச் சுவரின் மூலையில் வைத்து முட்டுக்கொடுத்து அழுத்துகிறான். முதலில் அழுத்தினான், பிறகு மோதத் தொடங்கினான். சுண்ணாம்பு உதிர்ந்து, அந்த இடத்தில் எண்ணெயும் பிசுக்குமாக ஒரு வட்டம் படிந்தது. அந்த வட்டத்தின் மேல் பழைய தலையணையைக் கட்டித் தொங்கவிட்டார் ஆவுடையம்மாள். அவன் அதை அவிழ்த்துவிட்டு மோதினான்.

ஜூனில் மழையோடு அம்பிளி டீச்சர் வந்தார். மஸ்கட்டிலிருந்து ஷிபுவுக்கென்று வாங்கி வந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். சங்கிலிப்பாண்டி தாமும் ஒன்றுவிடாமல் சொன்னார். மறைக்க அவருக்குத் தோன்றவில்லை. தலையில் கால் வைத்ததையும் சொன்னார். டீச்சர் கோபிக்கவில்லை. அந்தக் காட்சியைக் கண்ட எந்தத் தகப்பனுக்கும் பொறுக்காது என்று கூடச் சொன்னார்.

பழையபடி முதலிலிருந்து தொடங்கலாமா என்று சங்கிலிப்பாண்டி கேட்டார். ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும், தாம் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"முதலுக்கும் முன்னால இருந்து தொடங்கணும், பாண்டியேட்டா" என்றார் டீச்சர். "முன்னே அவனுக்கு மனுஷங்களை அறியாது. இப்போ அறியும். அறிஞ்சுதான் பேடிக்கிறான், பயப்படுறான்."

"நான் என்ன செய்யணும்?"

சொல்லத் தயங்குகிறவரைப் போல டீச்சர், "கையை உயர்த்தாதீங்க" என்றார். "இந்த வீட்டுக்குள்ள, அவன் காண, உங்க கை தோளுக்கு மேல போக வேண்டாம். அது வலிக்காத கைன்னு அவனுக்குத் தோணட்டும். அது வரைக்கும் வேற ஒண்ணும் செய்யண்டா."

எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சங்கிலிப்பாண்டி அப்படியே நடந்துகொண்டார். சட்டையை வாசலிலேயே, மழையானாலும், கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். தலையை வேலை இடத்திலேயே சீவிக்கொண்டார். சாப்பிடும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, தட்டருகே குனிந்து உண்டார். கழுத்தில் கொசு கடித்தால் கடிக்க விட்டார். கொடியில் துணி போடுவது, மேல்தட்டில் டப்பா எடுப்பது எல்லாம் ஆவுடையம்மாளின் பொறுப்பாயிற்று. லைன் முழுதும் இது தெரிந்து, சிலர் கேலி பேசினார்கள். பிறகு அதுவும் பழகிப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு மாலையும் அவர் மகனிருக்கும் அறையில், அவனிடமிருந்து விலகி, தரையில் உட்காருவார். வலது கையைத் தரையில் மல்லாத்தி வைத்துக்கொள்வார். வேறொன்றும் செய்வதில்லை. ஷிபு மூலையில் தலையை அழுத்திக்கொண்டு, கண்ணோரத்தால் அந்தக் கையைக் காவல் காத்துக்கொண்டிருப்பான். அவர் சற்று அசைந்தால் அவன் இன்னும் மூலைக்குள் போவான். போக அங்கே இடமில்லை. ஆனாலும் போகப் பார்ப்பான்.

அந்த மழைக்காலம் முழுதும் அது மாறவில்லை. ஒரு மாலை, மழை இருட்டிக்கொண்டு வந்து, அறைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போயிற்று. சுவரில் ஸ்விட்ச் உயரத்தில் இருந்தது. இருட்டில் மகன் மோதும் சத்தம் மட்டும், நிதானமாக, ஒரே அளவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டி எழுந்திருக்கவில்லை.

"ஆவுடை, இந்த லைட்டைப் போடேன்" என்றார்.

ஆவுடையம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, கையை உயர்த்தி, ஸ்விட்சைத் தட்டினார். உயர்ந்த அந்தக் கைக்கு ஷிபு அஞ்சவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் அவன் கண்கள் தரையில் கிடந்த தந்தையின் கையின் மேலேயே இருந்தன.